வந்து போனவர்களின் பதிவேடு

பத்திரிகை ஆசிரிய பீடங்களில் பணியாற்றியவர்களுக்கு ஒரு வழக்கம் நன்கு தெரியும். ஆசிரியருக்கு வரும் கடிதங்களில் எழுதியவரின் முழுப் பெயரும் முகவரியும் இருந்தால்தான் அவை கவனத்தில் எடுக்கப்படும். ஆனால், ‘பெயரைப் பிரசுரிக்க வேண்டாம்’ என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதப்பட்டிருப்பின், அச்சில் வருவது ‘ஒரு வாசகர்’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. மூலக் கடிதம் ஆசிரியரின் மேசை இழுப்பறைக்குள் கிடக்கும். அதைத் தேடி யார் வந்தாலும் கொடுக்கக்கூடாது என்பது எழுதப்படாத விதி. சில ஆசிரியர்கள் உரிய காலம் கழிந்ததும் அத்தகைய கடிதங்களைத் தாமே கிழித்துவிடுவர். இழுப்பறையில் இல்லாத ஒன்றை யாரும் எடுத்துச் செல்ல முடியாதல்லவா?

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இலங்கைப் பத்திரிகைத்துறையில் கழித்த எனக்கு இவ்விதி கைப்பழக்கமாகிவிட்டது. அதை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இணையத்தில் எழுதியும் எழுத்துகளைச் சேமித்தும் வருகின்ற நம்மில் பலரிடம் இன்று அப்படியோர் இழுப்பறை இருக்கிறது. அது இருப்பதே அவர்களுள் அநேகருக்குத் தெரியாது. சேர்வர் என்று எல்லோரும் அழைக்கின்ற வழங்கிக் கணினி, தன்னிடம் வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் வரி வரியாக எழுதிவைக்கும் பதிவேடே அந்த இழுப்பறை. கணினித் துறையினர் அதனை ‘லொக்’ என்பர். கப்பலின் வேகத்தை அளப்பதற்காகக் கடலில் எறியப்பட்ட மரக்கட்டையின் பெயர் அது. கட்டையைக் கொண்டு அளந்ததை எழுதிய குறிப்பேட்டுக்கு ஆகி, பின்னர் கணினிக்கும் வந்து சேர்ந்தது.

2004 ஆம் ஆண்டளவில் எனது பழைய கட்டுரைகள் சிலவற்றைத் தொகுத்து ஒரு சிறிய இணையத்தளத்தில் இட்டேன். அதனைப் பராமரித்தவர் நண்பர் ஒருவரின் மகன். அவர்தான் அந்தப் பதிவேட்டை முதன்முதலில் எனக்குத் திறந்து காட்டினார். “அங்கிள், நாங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. அது தன்ரை பாட்டிலை எழுதிக்கொண்டிருக்கும்” என்றார். திரையில் ஓடிய வரிகள் முதற் பார்வைக்குத் தந்திச் செய்திகளைப் போலிருந்தன. ரெலிபிரின்ரர் இயந்திரத்தின் முன் இரவுப் பணி செய்தவனுக்கு அத்தகைய வரிகளைப் பிரித்து வாசிப்பது அத்துணை சிரமமாக இருக்கவில்லை.

ஒரு வரியில் ஏழு செய்திகள் இருக்கும். முதலாவது, கோரிக்கை எங்கிருந்து வந்தது என்பதைக் கூறும் ஐ.பி. முகவரி, 203.0.113.25 என்பது போன்ற ஓர் எண். இரண்டாவது இடத்தில் பெரும்பாலும் ஒரு சிறு கோடு மட்டுமே நிற்கும். கோரிக்கை அனுப்பியவர் யாரென்று அவருடைய கணினியையே கேட்டு எழுதுவதற்காக ஒதுக்கப்பட்ட இடம் அது. கிடைக்கும் விடையை நம்ப முடியாது என்பதால் வழங்கிகள் அவ்வாறு கேட்பதில்லை. மூன்றாவது இடம், கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவரின் பெயருக்கானது. சாதாரண வாசகர் எவரும் அப்படி நுழைவதில்லையாதலால் அங்கும் ஒரு கோடு. நான்காவது, நாளும் நேரமும். ஐந்தாவது, கேட்கப்பட்ட கோப்பின் பெயர். ஆறாவது, வழங்கி அளித்த விடையின் மூன்றிலக்க எண். ஏழாவது, அனுப்பப்பட்ட பைற்றுகளின் தொகை.

உலகளாவிய வலையை ரிம் பேர்ணர்ஸ்-லீ உருவாக்கிய ஜெனீவாவின் சேர்ண் ஆய்வுகூடத்து வழங்கி மென்பொருளும், அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்திலுள்ள என்.சி.எஸ்.ஏ. நிலையத்தில் 1993 இல் உருவான மென்பொருளும் இந்த ஏழு அம்ச வரியையே பொது வடிவமாகக் கொண்டன. என்.சி.எஸ்.ஏ. மென்பொருளிலிருந்து 1995 இல் கிளைத்த அப்பாச்சி அதனை உலகெங்கும் பரப்பியது. அதன் பின்னர் மேலும் இரண்டு செய்திகள் வரியின் இறுதியில் சேர்ந்துகொண்டன. வாசகர் எந்த இடத்திலிருந்து இந்த இடத்துக்கு வந்தார் என்பது ஒன்று. எந்த உலாவியைப் பயன்படுத்தினார் என்பது மற்றையது.

இவற்றுள் முதலாவதைப் பற்றி ஒப்புநோக்குநர்கள் அறிந்திருக்கவேண்டிய ஒரு வேடிக்கை உண்டு. ‘ரெஃபரர்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ‘ஆர்’ என்னும் எழுத்து நான்கு தடவை வரவேண்டும். 1996 ஆம் ஆண்டில் வெளியான நெறிமுறை ஆவணத்தில் அது மூன்று தடவையே வந்தது. எழுத்துப் பிழை கண்டறியப்படுவதற்குள் உலகின் வழங்கிகளும் உலாவிகளும் அப்பிழையைக் கற்றுக்கொண்டுவிட்டன. திருத்தினால் பழைய மென்பொருள்களுக்கு விளங்காது. ஆகவே பிழை பிழையாகவே நிலைபெற்றுவிட்டது. மறுநாட் பத்திரிகையில் திருத்தம் போடும் வசதி எங்களுக்காவது இருந்தது!

மூன்றிலக்க விடைகளுள் 200 என்றால் கேட்டது கொடுக்கப்பட்டது என்று பொருள். 304 என்றால், ‘உன்னிடம் உள்ள பிரதி இன்னும் மாறவில்லை, அதையே பயன்படுத்து’ என்பது. 500 என்றால் வழங்கியிலேயே கோளாறு. 404 என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த ‘அப்படியொன்று இங்கில்லை’ என்ற விடை. ஒரு பத்திரிகையாளனுக்கு இவற்றுள் மிகவும் பயன்படுவது இந்த 404 தான். வாசகர் எதைத் தேடி வந்து ஏமாந்தார் என்பதை அது சொல்லும். முகவரி மாறிய கட்டுரை, பெயர் பிழைத்த படம் யாவும் அங்கேதான் வெளிப்படும்.

கள்வர்களும் அங்கேதான் வெளிப்படுவர். வேர்ட்பிரஸ் மென்பொருளே இல்லாத தளத்தில் வேர்ட்பிரஸின் நுழைவாயிலைத் தட்டிப் பார்க்கும் வரிகள் இரவு பகலாக வந்துகொண்டிருக்கும். மனிதர் எவரும் அங்கே இல்லை. பூட்டாத கதவு எங்கேனும் உண்டா என்று வீதி முழுவதும் தள்ளிப் பார்த்துச் செல்லும் தானியங்கிகள் அவை. அவற்றை அடையாளம் கண்டு தடுப்பதற்குப் பதிவேடு இன்றியமையாதது. அது வேண்டாத பொருள் என்று நான் வாதிட வரவில்லை.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதிவேட்டின் நேரத்துக்குப் பக்கத்தில், உலகப் பொது நேரத்திலிருந்து அது எவ்வளவு விலகியது என்பதும் எழுதப்பட்டிருக்கும். இலங்கையர் நமக்கு இது ஏன் தேவை என்று விளக்க வேண்டியதில்லை. 1996 மே மாதத்தில் நமது கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே வந்தன. 2006 ஏப்ரலில் மற்ற அரை மணியும் திரும்பியது. அக்காலத்தில் ‘பழைய நேரமா, புதிய நேரமா?’ என்று கேட்காமல் ஒரு கூட்டத்துக்கும் போக முடியாதிருந்தது. வழங்கி அத்தகைய குழப்பத்துக்கு இடம் வைப்பதில்லை.

இவ்வளவு துல்லியமாக எழுதும் பதிவேடு எத்தனை பேர் வாசித்தார்கள் என்பதைச் சொல்லிவிடும் என்றே பலரும் எண்ணுகின்றனர். அது அவ்வாறு சொல்வதில்லை. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் முற்பகுதியில் ‘எங்கள் தளத்துக்கு மாதம் இத்தனை இலட்சம் ஹிட்ஸ்’ என்று பெருமை பேசாத தளம் இருக்கவில்லை. பத்துப் படங்கள் உள்ள ஒரு பக்கத்தை ஒருவர் ஒருமுறை திறந்தால் பதிவேட்டில் பதினொரு வரிகள் விழும். அது பதினொரு ஹிட்ஸ். விற்காமல் திரும்பிவரும் பிரதிகளைக் கழிக்காமல் அச்சடித்த தொகையை விற்பனை என்று விளம்பரதாரருக்குக் காட்டும் முகாமையாளர்களைப் பார்த்தவர்களுக்கு இக்கணக்கு புதிதாகத் தோன்றாது.

மறுபக்கமாகவும் அது பிழைக்கும். யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையம் ஒன்றில் வாங்கப்படும் ஒரே பத்திரிகையைக் காலையிலிருந்து மாலை வரை ஊரே வாசிக்கும். விநியோகப் பகுதியின் கணக்கில் அது ஒரு பிரதி. இணையத்திலும் அத்தகைய சனசமூக நிலையங்கள் உண்டு. ஒரு நிறுவனமோ இணையச் சேவை வழங்குநரோ இடையில் வைத்திருக்கும் ப்ரொக்சி, ஒரு முறை வாங்கிய பிரதியையே பலருக்கும் காட்டியது. வழங்கிக்கு அதில் ஒரு வரிதான் தெரியும். நெற் கபே ஒன்றில் பத்துப் பேர் அமர்ந்திருந்தாலும் வெளியுலகுக்கு ஒரே ஐ.பி. முகவரிதான். இன்று கைத்தொலைபேசி நிறுவனங்கள் ஒரே முகவரியை ஏராளமான வாடிக்கையாளருக்குப் பகிர்ந்தளிக்கின்றன. அதேவேளை, ஒரே மனிதர் வீட்டிலிருந்து ஒன்றும் அலுவலகத்திலிருந்து ஒன்றும் பேருந்திலிருந்து மற்றொன்றுமாக மூன்று முகவரிகளில் தோன்றுவார். தேடுபொறிகளின் தானியங்கிகளோ வாசிக்காமலே எல்லாவற்றையும் எடுத்துச் செல்லும். ஆகவே பதிவேட்டிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றே: இந்த நேரத்தில், இந்த முகவரியிலிருந்து, இந்தக் கோப்பு கேட்கப்பட்டது. கேட்டவர் யார், வாசித்தாரா, எதற்காக வாசித்தார் என்பதெல்லாம் நமது ஊகம்.

இங்கேதான் இதன் முரண்பாடு இருக்கிறது. வாசகரை நமக்குக் காட்டாத இப்பதிவேடு, வாசகரைக் காட்டிக்கொடுக்க மட்டும் போதுமானது.

அதை நான் உணர்ந்தது 2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில். அக்காலத்தில், கூகுளில் தேடி ஒருவர் நமது தளத்துக்கு வந்தால், அவர் தட்டச்சு செய்த தேடற் சொற்கள் அப்படியே பதிவேட்டில் வந்து விழும். 2011 ஆம் ஆண்டு தொடக்கம் கூகுள் அதைப் படிப்படியாக நிறுத்திவிட்டது. அன்று அது வழமை. தமிழ்ச் சொற்கள் பதிவேட்டில் தமிழாகத் தெரியா. ‘க’ என்ற ஓர் எழுத்து, வீதக் குறியும் இரண்டு குறிகளுமாக மூன்று முறை அடுக்கி, ஒன்பது குறிகளாக நீண்டு கிடக்கும். தம்பி அவற்றை மீண்டும் தமிழாக்கித் தரும் ஒரு சிறு நிரலை எழுதி வைத்திருந்தார்.

எனது பழைய வன்னிப் பயணக் கட்டுரைகள் சில அந்தத் தளத்தில் இருந்தன. சமாதான காலத்தில் எழுதியவை. குளங்கள், வயல்கள், கோயில் திருவிழாக்கள், வீதியோரத் தேநீர்க் கடைகள் பற்றியவை. அந்த மாதங்களில் அக்கட்டுரைகளுக்குத் திடீரென வரிகள் கூடின. விசுவமடு, தருமபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று ஊர்ப் பெயர்களைத் தேடியவர்கள் வந்தனர். சிலர் ஊரின் பெயரோடு ஆளின் பெயரையும் சேர்த்துத் தேடியிருந்தனர். சிலர் ‘ஆஸ்பத்திரி’ என்று சேர்த்திருந்தனர். ஒரே முகவரியிலிருந்து ஒரே இரவில் ஏழு தடவை ஒரே ஊரைத் தேடிய வரிகளும் இருந்தன. கனடாவிலும் ஐரோப்பாவிலும் கொழும்பிலும் உறக்கமின்றி இருந்தவர்கள் அவர்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன். அவர்கள் தேடியது எனது கட்டுரையில் இருக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னைய ஒரு திருவிழாவின் வருணனையே அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் வழங்கி 200 என்று எழுதியிருந்தது. கேட்டது கொடுக்கப்பட்டதாம்.

அந்த வரிகளை வாசித்தபோது எனக்குத் துயரத்தோடு ஓர் அச்சமும் வந்தது. இவை வேறொருவர் கையில் எவ்வாறு வாசிக்கப்படும்? கொழும்பிலுள்ள ஒரு முகவரியிலிருந்து யாரோ ஒருவர், போர் நடக்கும் ஊரொன்றின் பெயரையும் ஓர் ஆளின் பெயரையும் நள்ளிரவில் தேடியிருக்கிறார். ஒரு தாய் மகனைத் தேடினாள் என்று அதை வாசிக்கலாம். வேறு விதமாகவும் வாசிக்கலாம். அக்காலத்தில் இரண்டாவது விதமாக வாசிப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்த முகவரியை அந்த நேரத்தில் பயன்படுத்தியவர் யாரென்று இணையச் சேவை வழங்குநரிடம் கேட்டறிவது ஓர் அரசாங்கத்துக்குப் பெரிய வேலையுமன்று.

“தம்பி, இதுகளை அழிச்சுவிடும்” என்றேன்.

அவர் உடனே சம்மதிக்கவில்லை. “அங்கிள், நாளைக்கு ஆரும் தளத்தை உடைச்சால், எப்ப, எந்த வழியாலை வந்தவங்கள் எண்டு பாக்கிறதுக்கு இது வேணுமெல்லோ?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பதினான்கு நாட்களுக்கு மேல் எந்தப் பதிவேடும் வைத்திருப்பதில்லை. அந்தப் பதினான்கு நாட்களிலும் முகவரியின் கடைசி எண் பூச்சியமாக்கப்படும். தேடற் சொற்களை வழங்கி எழுதவே எழுதாது. கோளாறுகளைத் திருத்துவதற்கும் தாக்குதலைத் தடுப்பதற்கும் அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த அச்சம் போர் நடந்த நாட்டுக்காரனின் மிகைக் கற்பனை அல்ல என்பதை அமெரிக்காவிலேயே நடந்த சம்பவங்கள் காட்டின. 2009 ஜனவரியில், இன்டிமீடியா என்ற சுயாதீனச் செய்தித் தளத்தின் அமெரிக்கப் பிரிவுக்கு, இண்டியானா மாநிலத்து மத்திய அரச வழக்குத்தொடுநர் அலுவலகத்திலிருந்து ஓர் அழைப்பாணை சென்றது. 2008 ஜூன் 25 ஆம் திகதி அந்தத் தளத்துக்கு வந்தவர்கள் அனைவரதும் ஐ.பி. முகவரிகளை ஒப்படைக்குமாறு அது கோரியது. அழைப்பாணை வந்ததையே வெளியில் சொல்லக்கூடாது என்றும் கூறியது. ஆனால் அத்தளத்தினர் வாசகரின் முகவரிகளைப் பதிவுசெய்து வைப்பதில்லை என்பதை முன்னரே வழக்கமாகக் கொண்டிருந்தனர். கொடுப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. அழைப்பாணை பின்னர் மீளப்பெறப்பட்டது.

2017 இல் நடந்தது இதனிலும் பெரிது. அவ்வாண்டு ஜனவரி 20 ஆம் திகதி டொனால்ட் ட்ரம்ப் பதவியேற்றபோது வாஷிங்டனில் எதிர்ப்பு ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் கைதாகினர். ஆர்ப்பாட்டங்களை ஒழுங்குசெய்ய உதவிய ஒரு தளத்துக்கு ட்ரீம்ஹோஸ்ட் என்ற நிறுவனம் வழங்கி வசதி அளித்திருந்தது. அத்தளம் தொடர்பான தரவுகள் யாவற்றையும் கோரி நீதித் திணைக்களம் ஜூலையில் தேடுதல் ஆணை பெற்றது. அந்த ‘யாவற்றுக்குள்ளும்’ தளத்தை வெறுமனே பார்வையிட்டவர்களின் 13 இலட்சம் ஐ.பி. முகவரிகளும் அடங்கியிருந்தன. நிறுவனம் மறுத்து நீதிமன்றத்தை நாடியது. ஆகஸ்ட் மாதத்தில் அரசாங்கம் தன் கோரிக்கையைத் திருத்தி, வருகைப் பதிவேடுகள் தேவையில்லை என்றது. அந்த நிறுவனத்திடம் அவ்வளவு வருகைத் தரவு இருப்பது ஆணை பெறும்போது தனக்குத் தெரியாது என்றும் அது கூறியது. அதை உண்மையென்றே வைத்துக்கொள்வோம். கேட்டவருக்கும் தெரியாது, வந்து போனவருக்கும் தெரியாது. பதிவேடோ பத்திரமாக இருந்தது.

‘எண்கள்தானே, பெயர்கள் இல்லையே’ என்று சிலர் ஆறுதல் கூறுவர். 2006 ஆகஸ்டில் ஏ.ஓ.எல். நிறுவனம் ஆய்வாளருக்கு உதவுவதாக எண்ணி, சுமார் ஆறரை இலட்சம் பயனர்களின் மூன்று மாதத் தேடற் பதிவுகளை வெளியிட்டது. பெயர்களை நீக்கி ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்திருந்தனர். சில நாட்களுக்குள் நியூயோர்க் ரைம்ஸ் செய்தியாளர்கள் அவ்வெண்களுள் ஒன்றை எடுத்து, தேடற் சொற்களையே தடயமாகக் கொண்டு, அதற்குரிய முதிய பெண்மணியின் வீட்டு வாசலுக்கே சென்றுவிட்டனர். செய்தியாளரால் இயலுமானால் மற்றையோரால் இயலாதா?

ஐரோப்பிய நீதிமன்றமும் இவ்விடயத்தை நேரடியாக ஆராய்ந்தது. ஜேர்மன் மத்திய அரசின் தளங்கள், வந்து போனவர்களின் ஐ.பி. முகவரிகளைப் பதிந்து வைப்பதை எதிர்த்து பட்ரிக் பிரையர் என்ற அரசியல்வாதி தொடுத்த வழக்கில் 2016 ஒக்டோபர் 19 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. நாளுக்கு நாள் மாறும் முகவரியானாலும், அதன் பின்னாலுள்ள ஆளைச் சட்டவழியாகக் கண்டறிய வாய்ப்பிருந்தால் அது தனிப்பட்ட தரவே என்று நீதிமன்றம் கூறியது. தளத்தைத் தாக்குதலிலிருந்து காக்கும் தேவைக்கும் மதிப்பளிக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறியது. தம்பியின் கேள்விக்கும் எனது அச்சத்துக்கும் அத்தீர்ப்பில் இடமிருந்தது கண்டு மகிழ்ந்தேன். இலங்கை நாடாளுமன்றமும் 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. எனினும், சட்டம் வந்து காப்பாற்றும் வரை காத்திருப்பது நமது தொழிலின் பண்பு அன்று. பெயர் வெளியிட விரும்பாத வாசகரின் கடிதத்தை எந்தச் சட்டமும் இல்லாமலேயே நாம் காத்தோம்.

தமிழில் சிறு தளங்களையும் ஆவணக் காப்பகங்களையும் நடத்துவோர் தங்கள் வழங்கியைப் பராமரிப்பவரிடம் சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கவேண்டும். எமது பதிவேடு எத்தனை நாள் வைக்கப்படுகிறது? பழைய பிரதிகள் வேறெங்கேனும் சேமிப்பில் கிடக்கின்றனவா? முகவரி முழுமையாக எழுதப்படுகிறதா? தளத்துக்குள்ளேயே வாசகர் தேடும் சொற்கள் முகவரி வரியில் சேர்ந்து பதிவாகின்றனவா? பலரும் கவனிக்காத ஐந்தாவது கேள்வியும் உண்டு. வருகையை எண்ணுவதற்கென்று வெளியார் தரும் இலவசக் கருவிகளைப் பொருத்தியிருக்கிறோமா? அப்படியாயின் நமது பதிவேட்டை நாம் அழித்தாலும் அதன் இன்னொரு பிரதி, நாம் கண்டறியாத ஒருவரின் வழங்கியில், நமக்குத் தெரியாத காலம் வரை இருந்துகொண்டிருக்கும்.

இவற்றுக்கு விடை தேட ஒரு பிற்பகல் போதும். அப்பாச்சியிலும் சரி, என்ஜின்எக்ஸிலும் சரி, எதை எழுதுவது, எதை விடுவது என்பதைத் தீர்மானிப்பது அமைப்புக் கோப்பிலுள்ள ஓரிரு வரிகளே. எமது வாசகருள் பெரும்பாலோர் நாடு கடந்து வாழ்பவர்கள். அவர்களுள் பலரின் பெற்றோரும் உடன்பிறந்தாரும் இன்னமும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் எதை வாசித்தார்கள், எப்போது வாசித்தார்கள், எந்தப் பெயரைத் தேடினார்கள் என்பதை அறியும் தேவை எனக்கில்லை. அவர்கள் கேட்டபோது கட்டுரை கிடைத்ததா என்பதை மட்டும் வழங்கி எனக்குச் சொன்னால் போதும்.